முதலிடத்தில் அண்ணன்

காணாமல் போவதற்கும் ஒரு முகவெட்டு வேண்டும் என்பது தையல்காரம்மாவுக்கு அதுவரை தெரியாது. அவருடைய அண்ணன் அறுபதைத் தாண்டியவர். ஊரான் வீட்டுச் சுவர்களுக்கு பெயிண்ட் அடித்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர். ஏணியிலிருந்து விழுந்ததில் மேல்வரிசைப் பல் ஒன்று போய், இடது புருவத்தின் நடுவே ஒரு தழும்பு வந்திருந்தது. தங்கையின் தையற்கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் குடியிருந்தார். இரண்டு வருடமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, "பாப்பா, சோறு போடலையா?" என்பார். ஐம்பத்தைந்து வயதுத் தங்கையைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு நாள் காலையில் நூல்கண்டு வாங்கிவரக் கிளம்பியவர் திரும்பி வரவில்லை.

தையல்காரம்மா காவல் நிலையத்துக்கு ஓடினார். அங்கிருந்த எழுத்தர் ஆமை வேகத்தில் தட்டச்சு செய்பவர் என்றாலும் மனுஷன். இருந்த ஒரே படத்தை வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பெயிண்டர், நீலக் கட்டம் போட்ட சட்டை, பல் ஒன்று இல்லை, புருவத்தில் தழும்பு என்று நாலு வரி எழுதி, தையல்காரம்மாவின் போன் நம்பரையும் சேர்த்துக் காவல் நிலையத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றினார்.

"போட்டாச்சும்மா. யாராவது பார்த்தா உங்களுக்கே கூப்பிடுவாங்க."

யாரும் கூப்பிடவில்லை. தையல்காரம்மா தானே படத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம், சந்தை, ஆற்றுப் பாலம் என்று அலைந்தார். தைக்க வந்த துணியெல்லாம் மடித்தபடியே கிடந்தது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் நல்ல மனசுக்காரர். அவருடைய நல்ல மனசால்தான் எல்லாம் நடந்தது.

"அக்கா, ஸ்டேஷன் பக்கத்தை எவன் பார்க்கறான்? தேடிப் பாருங்க, ஏழாவதா வருது. ஏழாவதா வர்றதும் குப்பையில கிடக்கறதும் ஒண்ணுதான். நீங்க மன்றத்துக்குப் போங்க. அவங்க நினைச்சா செருப்பைக்கூட முதலிடத்துக்குக் கொண்டுவந்துருவாங்க."

இணைய முன்னேற்ற மன்றம் நகரத்தின் நடுவில், பக்கத்துக் கட்டடங்களுக்கு வெயில் விழாதபடி உயர்ந்து நின்றது. வாசலில் ஆளுயர எழுத்துகளில் 'முதல் பக்கத்தில் இல்லாதவர் உலகத்தில் இல்லாதவர்' என்று பொறித்திருந்தது. இது மன்றத் தலைவர் சொந்தமாகச் சிந்தித்த வாசகம். அதன் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

தலைவர் தையல்காரம்மாவை எழுந்து நின்று வரவேற்றார். கதையை முழுக்கக் கேட்டார். கேட்கும்போதே அவர் முகம் மலர்ந்துகொண்டு வந்ததைத் தையல்காரம்மா இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"அம்மா, நாங்க காசுக்காக மட்டும் வேலை செய்யறவங்க இல்லை. வருஷத்துக்கு ஒரு சோகத்தை இலவசமா எடுத்துக்கறோம். போன வருஷம் ஒரு கிட்னி எடுத்துக்கிட்டோம். ஒரு சின்னப் பொண்ணுக்குக் கிட்னி வேணும்னு கேட்டிருந்தாங்க. அருமையா போச்சு."

"கிட்னி கிடைச்சுதுங்களா?"

"எத்தனை நாட்டுலேருந்து பார்த்தாங்கன்னு நினைக்கறீங்க!" என்றார் தலைவர். இன்னமும் அந்தப் பெருமிதம் அவரைவிட்டு இறங்கியிருக்கவில்லை. தையல்காரம்மா மறுபடியும் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவரைப் பட்டியல் பிரிவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

பட்டியல் பிரிவின் வேலை, உலகத்தில் உள்ள இணையத் தொழில் பட்டியல்களில் எல்லாம் ஒருவரைச் சேர்த்துவிடுவது. பட்டியலில் சேர ஏதாவது ஒரு வகையில் அடங்க வேண்டும். பட்டியல் அதிகாரியான அம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு வகைகளைப் படித்தார். உணவகம், திருமண மண்டபம், குழாய் பழுது, வளர்ப்புப் பிராணி, தொலைந்த பொருள், பயணம். காணாமல் போன மனிதன் என்று ஒரு வகை இல்லை.

"தொலைந்த பொருள்ல போடலாம். ஆனா தயாரிப்பு நிறுவனம் எதுன்னு கேக்கும். உங்க அண்ணனுக்கு நிறுவனம் ஏதாவது இருக்கா?"

"இல்லைம்மா. தனியாத்தான் வேலை பார்த்தார்."

"அப்போ ஆகாது. வளர்ப்புப் பிராணியில போட்டா தடுப்பூசி விவரம் வேணும். பயணம்னு போட்டுடறேன்."

"பயணமா? அவர் எங்கேயும் போகலையேம்மா. தொலைஞ்சுல்ல போயிட்டாரு."

"வீட்டுல இருக்காரா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? வீட்டுல இல்லாதவங்க எல்லாரும் பயணம்தான். சேவை நேரம் எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி வரைக்கும்?"

தையல்காரம்மா திருதிருவென்று விழித்தார். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்ததற்குப் போகமுடியாது என்று பட்டியல் அதிகாரி அன்பாகவே விளக்கினார். கடைசியில் அண்ணன் விடுமுறை நாள் உட்பட எந்நேரமும் காணாமல் போயிருப்பார் என்று பதிவாகியது. அந்த வகையில் மற்ற பயண நிறுவனங்களைவிட அவர் ஒரு படி மேல்.

அடுத்து இணைப்பு அதிகாரி. இளைஞர். வாயைவிடக் கையால் அதிகம் பேசுபவர். மேஜைமேல் இரண்டு காகிதக் குவளைகளை வைத்துப் பாடம் எடுத்தார்.

"இது நீங்க. இது ஒரு பல் டாக்டர். டாக்டரோட பக்கம் உங்களைக் கைகாட்டினா, 'அடடே, பெரிய டாக்டரே கைகாட்டறார், இது முக்கியமான பக்கம் போல'ன்னு தேடுற மெஷின் நினைக்கும். உங்களை மேல தூக்கும். டாக்டர் சும்மா கைகாட்டுவாரா? நீங்களும் அவரைக் காட்டணும்."

"எனக்கு அந்த டாக்டரைத் தெரியாதே தம்பி."

"அவருக்கும் உங்களைத் தெரியாது. தெரிஞ்சவங்களுக்குள்ள கைகாட்டிக்கிட்டா அது சிபாரிசு ஆயிடும், தப்பு."

இப்படித்தான் அண்ணனின் பக்கம் உருவானது. நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார் என்ற வரியில் சட்டை என்ற சொல்லை அழுத்தினால் ஒரு துணிக்கடை திறந்தது. முன்பல் இல்லை என்ற இடத்தில் பல் டாக்டர். வழுக்கை என்ற இடத்தில் முடி நடும் நிலையம். கடைசியாகச் சந்தைப் பக்கம் நடந்து போனார் என்று எழுதியிருந்ததில், நடந்து என்பதை அழுத்தியவர்களுக்கு மூட்டு வலித் தைலம் கிடைத்தது. எதோடும் ஒட்டாத ஒரு கரப்பான்பூச்சி மருந்து மட்டும் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் திண்டாடி, தையல்காரம்மாவின் போன் நம்பருக்கு மேலே இடம் பிடித்தது. தையல்காரம்மாவுக்கு எரிச்சல் வந்தாலும், அண்ணன் கிடைத்தால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டார். இலவசமாகச் செய்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

எழுத்துப் பிரிவு அந்த நாலு வரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. தேடுகிறவர்கள் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவார்களோ அந்தச் சொல் பக்கம் முழுக்க இறைந்து கிடக்க வேண்டுமாம். மறுநாள் தையல்காரம்மா ஜெராக்ஸ்காரரின் கணினியில் படித்தது இது:

'காணாமல் போன அண்ணனைத் தேடுகிறீர்களா? காணாமல் போன அண்ணன் என்றாலே எல்லோர் நினைவுக்கும் வருவது எங்கள் காணாமல் போன அண்ணன்தான். காணாமல் போன பெயிண்டர், காணாமல் போன பெரியவர், காணாமல் போன உறவினர் என உங்கள் எல்லாத் தேவைகளுக்கும் ஒரே காணாமல் போன அண்ணன்.'

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க," என்றார் ஜெராக்ஸ்காரர், தைரியமில்லாமல். கீழே பார்வையாளர்கள் நட்சத்திரம் போடுவதற்கு இடம் இருந்தது. ஒருவர் ஐந்துக்கு நான்கு போட்டு, அண்ணன் பரவாயில்லை, ஆனால் பக்கம் திறக்க நேரமாகிறது என்று குறைப்பட்டிருந்தார். தையல்காரம்மா அதை வாசித்துவிட்டு, கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அந்தப் பக்கத்தில் இன்னும் அண்ணனின் முகமாவது இருந்தது. அடுத்த வாரம் அதுவும் போயிற்று. அந்த இடத்தில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அடர்ந்த நரைமுடி, வெள்ளைச் சட்டை, சோப்புப் போட்டுக் கழுவியது போன்ற பற்கள். தையல்காரம்மா விழுந்தடித்துக்கொண்டு மன்றத்துக்குப் போனார்.

"ஐயா, இவர் எங்க அண்ணன் இல்லைங்க."

"தெரியும்மா," என்றார் தலைவர். "உங்க அண்ணன் படத்தை யாரும் தொடமாட்டேங்கறாங்க. நாங்க கண்ணை மூடிக்கிட்டு எதையும் செய்யறதில்லை. வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு அவரைக் காட்டினோம், பாதிப் பேருக்கு இவரைக் காட்டினோம். இவர்தான் ஜெயிச்சாரு."

"எதுலங்க ஜெயிச்சாரு?"

"காணாம போனதுல."

"ஆனா காணாம போனது அவருங்களே!"

"அது உங்க கோணம். நாங்க பார்வையாளர் கோணத்துலேருந்து பார்க்கணும். ஒரு ஆள் காணாம போயிட்டாருன்னா, அடடா, இவரா, அப்படின்னு மனசு பதறணும். உங்க அண்ணனைப் பார்த்தா..." தலைவர் நாகரிகம் கருதி அங்கே நிறுத்திக்கொண்டார். "கவலைப்படாதீங்க. பக்கத்தோட அடியில உங்க அண்ணன் படமும் இருக்கும்."

அடியில் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு பக்கம் கனக்கிறது என்று அதை எடுத்துவிட்டார்கள். படமும் எழுத்தும் பொருந்தாவிட்டால் பார்வையாளர் குழம்புவார் என்று எழுத்துப் பிரிவு ஒரு திருத்தமும் செய்தது. அதன்படி அண்ணனுக்குப் பல் முளைத்தது. புருவத் தழும்பு ஆறியது. நீலக் கட்டச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அவருடைய பழைய வாழ்க்கையிலிருந்து பெயிண்டர் என்ற ஒரு சொல் மட்டும் தப்பிப் பிழைத்தது, அந்தச் சொல்லுக்கு ஒரு வண்ண நிறுவனம் இணைப்புக் கொடுத்திருந்ததால்.

போன்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றி. "உங்க அண்ணனைப் பார்த்தேம்மா, எங்க ஊர் முச்சந்தியில நிக்கறாரு, ஓடி வாங்க," என்று ஒருவர் பதறினார். இவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்த தையல்காரம்மாவுக்கு, ஒருவேளை, என்று ஒரு நப்பாசை. மூன்று பஸ் மாறிப் போனார். சொன்னவர் வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சொன்ன இடத்திலேயே காத்திருந்தார். கூப்பிட்டுக்கொண்டுபோய் மேலே காட்டினார். பெரிய விளம்பரப் பலகை. வெள்ளைச் சட்டைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவர்தானேம்மா? நான் நல்லாப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன்."

அந்த மனிதரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்கத் தையல்காரம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆமாங்க, ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டு, அதே மூன்று பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தார். தூங்காமல் விழித்திருந்த கண்ணுக்கு வழியெல்லாம் பனியன்களாகவே தெரிந்தன.

திடீரென்று ஒரு நாள் போன்கள் அறவே நின்றன. விசாரித்தபோது இணைப்பு அதிகாரி கையை விரித்து ஆட்டிச் சொன்னார்: "நம்பரைப் பார்த்ததும் போன் பண்ணிடறாங்க. போன் பண்ணவன் பக்கத்தைவிட்டு வெளியே போயிடறான். போயிட்டா நமக்கு நஷ்டம். அதான் நம்பரை உள்ள தள்ளி வச்சோம். நாலஞ்சு இணைப்பைப் பார்த்துட்டுத்தான் நம்பருக்கே வரமுடியும். வேணும்னா அவங்களோட ஈமெயில் முகவரியைக் குடுத்துட்டுப் போகட்டும். புதுப் படம் ஏதாவது வந்தா நாமே கடிதம் போடுவோம்."

"கண்டுபிடிச்சவங்க எப்படித் தம்பி எங்கிட்டச் சொல்லுவாங்க?"

"கண்டுபிடிச்சவங்க ஒருத்தர் வருவாங்க. கண்டுபிடிக்காதவங்க ஆயிரம் பேர் வருவாங்க. நாம யாருக்காக வேலை செய்யணும், சொல்லுங்க?"

ஒன்றே ஒன்றில்தான் தையல்காரம்மா மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். இவர்கள் என்ன கூத்தடித்தாலும் காவல் நிலையத்தின் பக்கத்தில் அண்ணனின் சொந்த முகம் இருக்கிறது, தழும்பு இருக்கிறது, தன் நம்பர் இருக்கிறது. இவர்கள் கூட்டம் சேர்க்கட்டும், அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் ஸ்டேஷன் பக்கத்தையும் பார்க்காமலா போவார்?

அதே பக்கத்தின்மேல்தான் மன்றத்தின் கண்ணும் விழுந்தது. அவசரக் கூட்டம் போட்டார்கள். சோகத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் தையல்காரம்மாவையும் ஒரு ஓரத்தில் உட்கார வைத்தார்கள். இணைப்பு அதிகாரி கொதித்துப்போயிருந்தார்.

"நம்ம கூடவே ஒருத்தன் ஒட்டிக்கிட்டு வர்றான் சார். அப்பட்டமான காப்பி. அதே அண்ணன், அதே ஊர், அதே போன் நம்பர். பெயிண்டர்னுகூட போட்டிருக்கான்! படம் மட்டும் எங்கேயோ மட்டமா ஒண்ணு பிடிச்சிருக்கான்."

தையல்காரம்மா எழுந்துவிட்டார். "அது காவல் நிலையத்துல போட்டதுங்க. இதுக்கு முன்னாடியே போட்டது. அதுல இருக்கறதுதான் எங்க அண்ணன் முகம்."

"யார் போட்டா என்னம்மா?" தலைவர் மிகப் பொறுமையாகப் பேசினார். "போட்டின்னு வந்தா போட்டிதான். ஒரு அண்ணனுக்கு ரெண்டு பக்கம் இருந்தா தேடுற மெஷின் குழம்பும். கூட்டம் ரெண்டா உடையும். நாம இவ்வளவு பாடுபட்டு முதல் மூணு இடத்துக்கு வந்திருக்கோம், எதுக்கு? அண்ணனுக்காக! அந்த அண்ணனோட வளர்ச்சிக்கு யார் குறுக்கே வந்தாலும் மன்றம் வேடிக்கை பார்க்காது. அது போலீஸா இருந்தாலும் சரி, அண்ணனே நேர்ல வந்தாலும் சரி."

எல்லோரும் கைதட்டினார்கள். ஐயா, வேண்டாங்க, அதை மட்டும் விட்டுடுங்க என்று தையல்காரம்மா சொன்னது கைதட்டலில் கரைந்துபோயிற்று.

காவல் நிலையப் பக்கம் நகல் என்று மன்றம் புகார் கொடுத்தது. புகாரைப் படித்தது ஒரு இயந்திரம். எழுத்தரின் பக்கத்தை யாரும் கைகாட்டியிருக்கவில்லை. மன்றத்தின் பக்கத்தைப் பல் டாக்டரிலிருந்து கரப்பான்பூச்சி வரைக்கும் கைகாட்டியிருந்தார்கள். எது அசல் என்பதில் இயந்திரத்துக்குச் சந்தேகமே வரவில்லை. எழுத்தரின் நாலு வரி சரசரவென்று கீழே இறங்கி, மனிதர்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஆழத்தில் போய் உட்கார்ந்தது.

தையல்காரம்மா ஸ்டேஷனுக்குப் போய் முறையிட்டார். எழுத்தர் அவமானப்பட்டவரைப்போலக் குனிந்துகொண்டார்.

"எங்க பக்கமே போலின்னு சொல்லிட்டாங்கம்மா. மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். மேலிடத்துல மன்றத்துக்கிட்டயே ஆலோசனை கேட்டிருக்காங்க. அவங்கதானே இதுல நிபுணர்கள்."

அந்த மாதக் கடைசியில் அண்ணன் முதலிடத்துக்கு வந்தார். அந்த ஊரில் யார் எதைக் காணோம் என்று தேடினாலும், சாவியைத் தொலைத்திருந்தாலும்கூட, வெள்ளைச் சட்டைக்காரர் வந்து சிரித்தார். முதல் பக்கத்தில் மீதி இடங்களையும் அவரோடு கைகோத்திருந்த துணிக்கடையும் முடி நடுகிறவரும் தைலக்காரரும் பிடித்துக்கொண்டார்கள். மன்றம் விழா எடுத்தது. குளிரூட்டிய அரங்கம், சட்டைப்பையில் பூச்செருகிய விருந்தினர்கள், திரையில் ஆள் உயரத்துக்கு வெள்ளைச் சட்டைக்காரர். வரமாட்டேன் என்ற தையல்காரம்மாவை வீடு தேடி வண்டி அனுப்பி ஏற்றி வந்தார்கள். மேடையில் அவருக்கு ஒரு கேடயத்தைக் கொடுத்துக் கைகுலுக்கினார்கள். அதில் 'சிறந்த இழப்பு' என்று பொறித்திருந்தது.

தலைவர் பேச எழுந்தார்.

"கண்டுபிடிச்சாச்சான்னு சிலர் கேக்கறாங்க. குறுகிய பார்வை! கண்டுபிடிச்சிட்டா என்ன ஆகும்? ஒரு வீட்டுல ஒரு நாள் சந்தோஷம். அதுக்கப்புறம் யார் வருவா இந்தப் பக்கத்துக்கு? இத்தனை நிறுவனங்கள் நம்மை நம்பிக் கைகாட்டியிருக்காங்களே, அவங்க குடும்பம் எல்லாம் என்ன ஆகறது? தொலைஞ்ச ஒருத்தரால இவ்வளவு பேருக்கு நன்மை செய்யமுடியும்னு நிரூபிச்சவர் நம்ம அண்ணன். இருந்த காலத்துல அவர் எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருப்பார்? சுவருக்குத்தான் தெரிஞ்சிருப்பார்!"

அரங்கம் சிரித்தது. இந்தக் கேடயத்தை இவர் தலையிலேயே போட்டால் என்ன என்று தையல்காரம்மா ஒரு கணம் நினைத்தார். அதற்குள் திரையில் வரைபடங்கள் ஓட ஆரம்பித்தன. தலைவரின் குரல் குழைந்தது.

"ஒரு பார்வையாளரைப் பத்தி மட்டும் தனியா சொல்லணும். விசுவாசமான பார்வையாளர்னா இப்படி இருக்கணும். ஆத்துக்கு அக்கரையில இருக்கற பொது மருத்துவமனையிலேருந்து வர்றார். காணாமல் போன பெயிண்டர்னு தேடி வர்றார். ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, தினமும்! ஒரே நாள்ல பல தடவை! வந்து படத்தைப் பார்க்கறார், மேலயும் கீழயும் போறார், போயிட்டு மறுபடி வர்றார். இந்த அன்பை எந்த விளம்பரத்தாலயும் வாங்க முடியாது. கொஞ்ச நாளா அவர் வர்றதில்லை. அவரைத் திரும்பக் கொண்டுவர மன்றம் எல்லா முயற்சியும் எடுத்திருக்கு."

அரங்கத்தில் அதன் அர்த்தம் ஒரே ஒருத்தருக்குத்தான் புரிந்தது. தையல்காரம்மா கேடயத்தை நாற்காலியில் போட்டுவிட்டு, மேடையின் படிகளில் கிடுகிடுவென்று இறங்கினார். நன்றியுரை முடியவில்லை என்று பட்டியல் அதிகாரி பின்னாலிருந்து கூப்பிட்டார். வெளியே எரிக்கிற வெயில். பாலத்தின்மேல் பஸ் ஊர்ந்தபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது அவருக்கு. அண்ணா, அங்கேயே இரு, இதோ வந்துட்டேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்ததைப் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மருத்துவமனையில் அங்கே கேட்டு இங்கே கேட்டு, கடைசியில் ஆண்கள் வார்டின் செவிலியரைக் கண்டுபிடித்தார். சின்ன வயசுப் பெண். கையில் மருந்துத் தட்டு. தையல்காரம்மா கைப்பையிலிருந்து அண்ணனின் படத்தை எடுத்து நீட்டினார். செவிலியர் தட்டைக் கீழே வைத்தாள்.

"நீங்க யாரும்மா இவருக்கு?"

"தங்கச்சி."

"பாப்பா, பாப்பான்னு கேட்டாரே..."

"நான்தாம்மா பாப்பா."

அந்தப் பெண் தையல்காரம்மாவின் கையைப் பிடித்து வராந்தாவின் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"ரோட்டுல காய்ச்சலோட கிடந்தவரைக் கொண்டுவந்து போட்டாங்கம்மா. பேரு, ஊரு ஒண்ணும் சொல்லத் தெரியலை. சுவரைத் தடவிப் பார்த்துட்டு, பெயிண்ட் இன்னும் காயலை, கை வைக்காதேன்னு என்னைத் திட்டுவாரு. அதை வச்சு, பெயிண்டரா இருந்திருப்பாருன்னு தேடினேன். முதல்லயே ஒரு பக்கம் வந்துச்சு. திறந்து பார்த்தா முகம் வேற. பல்லு, சட்டை எதுவுமே ஒத்துவரலை. சரி, இது வேற யாரோ, இவரைத் தேட ஆள் இல்லை போலன்னு நினைச்சேன். ஆனா, பாப்பா வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. கேக்கறப்பல்லாம் மனசு கேக்காம மறுபடி திறந்து பார்ப்பேன். புதுசா யாராவது படம் போட்டிருப்பாங்களான்னு. எப்பப் பார்த்தாலும் அதே ஆள்தாம்மா முதல்ல வருவாரு. சுத்தி ஒரே விளம்பரம். அதுக்கும் கீழ போய்ப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை."

"இப்போ எங்கேம்மா இருக்காரு?"

செவிலியர் தலையைக் குனிந்துகொண்டாள். "போன வாரம் போயிட்டாரும்மா. யாரும் கேட்டு வரலைன்னு நகராட்சிக்காரங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

தையல்காரம்மா அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். தன் பக்கம்தான் அது, தான் போய்க் கேட்டு வாங்கிய முதலிடம்தான் அது என்பதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்னார். சொல்லி முடித்ததும் செவிலியர் கேட்டாள்.

"அப்போ அந்தப் படத்துல இருக்கறது யாரும்மா?"

"எனக்குத் தெரியாதும்மா."

செவிலியர் தயங்கியபடி செல்போனை எடுத்தாள். "புதுப் படம் வந்தா தெரிவிக்கறோம்னு போட்டிருந்ததால என் ஈமெயில் முகவரியைக் கொடுத்து வச்சிருந்தேன். நேத்து ஒரு கடிதம் வந்துச்சு. இனிமே அந்தப் பக்கத்துக்கு நான் எதுக்குப் போகப்போறேன், பார்த்துட்டு விட்டுட்டேன்." தையல்காரம்மா கையை நீட்டினார். மன்றத்தின் முத்திரைக்குக் கீழே, பெரிய எழுத்தில் இருந்ததால் கண்ணாடி இல்லாமலேயே படிக்க முடிந்தது.

'அன்புப் பார்வையாளரே! சில நாட்களாக உங்களைக் காணவில்லையே? உடனே வாருங்கள். அண்ணன் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.'

தையல்காரம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"எந்தக் கட்டில்மா?"

செவிலியர் உள்ளே அழைத்துப் போய்க் காட்டினாள். சுவரோரக் கட்டில். அதில் இப்போது வேறொரு பெரியவர் படுத்திருந்தார்.